தோர் யாருடைய சொத்து? தமிழ் காமிக்ஸில் வரையலாமா?

கட்டமும்_கோடும் கேட்டது:

48 பக்கத்தில் ஒரு தமிழ் காமிக்ஸ். அச்சிலும் வரும், இணையத்திலும் வரும். நாயகன் தோர், வட ஐரோப்பியப் புராணத்தின் இடிக்கடவுள். கர்வம் பிடித்த தோரின் சக்தியைப் பிடுங்கிக்கொண்டு தந்தை ஓடின் அவனைப் பூமிக்குத் துரத்துகிறார். சுத்தியல் ஒரு மீனவக் கிராமத்துக் கடற்கரையில் மணலில் புதைந்து கிடக்கிறது. ஊரே கூடி இழுத்தும் அசையவில்லை. தம்பி லோகி பின்னாலேயே வந்து குழப்பம் செய்கிறான். கதைச் சுருக்கம் இதுதான்.

என் கேள்விகள்:

1. இது ஆயிரம் வருடப் புராணம். அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான மார்வெல் எதற்கு ஆட்சேபிக்க வேண்டும்? அவர்களும் அங்கிருந்துதானே எடுத்தார்கள்?
2. அட்டையில் "தோர்" என்று பெரிதாகப் போடலாமா?
3. ஓவியர் நண்பர்தான், பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி வரைகிறார். எழுத்தில் எதுவும் இல்லை. பாத்திரம் யாருக்குச் சொந்தம்?

---

பழங்கதைப்பித்தன் பதில்:

நீங்கள் புராணம் என்று நினைத்து எழுதியிருக்கும் சுருக்கத்தில் புராணம் மிகக் கொஞ்சம்தான் இருக்கிறது. ஓடின் தோரைத் தண்டித்துப் பூமிக்கு அனுப்புவது மார்வெல் கதை. தகுதியற்றவர்கள் தூக்க முடியாத சுத்தியலும் மார்வெல் கதை. லோகியைத் தோரின் தம்பியாக்கியதும் அவர்கள்தான். மூன்றையும் எடுத்துவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது ஒரு பெயரும் ஒரு கடற்கரையும்.

மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நமக்குக் கிடைக்கும் முதன்மையான நூல்கள் இரண்டு. ஒன்று, ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் தொகுத்த உரைநடை எட்டா. மற்றொன்று, சுமார் 1270இல் எழுதப்பட்ட கோடெக்ஸ் ரெஜியஸ் சுவடியில் உள்ள பாடல் எட்டா. (பெயர்தான் எட்டா, கைக்கு எட்டும் நூல்தான். பிராடர் 1916இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் பெல்லோஸ் 1923இல் செய்ததும் காப்பிரைட் காலம் முடிந்தவை. அண்மையில் வந்த மொழிபெயர்ப்புகளிலிருந்து வரிகளை எடுக்காதீர்கள். மூலம் பொதுச்சொத்து, அந்த மொழிபெயர்ப்பு அப்படியல்ல.)

சுத்தியல்: மியோல்னிரைச் செய்தவர்கள் இரண்டு குள்ளக் கொல்லர்கள். துருத்தி ஊதிக்கொண்டிருந்த புரோக்கை ஈயாக வந்து இமையில் கடித்தான் லோகி. ஊதுவது ஒரு நொடி தடைப்பட்டது, அதனால் கைப்பிடி குட்டையாகிவிட்டது. எறிந்தால் குறி தப்பாது, கைக்குத் திரும்பி வரும், வேண்டுமானால் சட்டைக்குள் ஒளிக்கும் அளவுக்குச் சுருங்கும். இவை எல்லாம் ஸ்னோரியிலேயே இருப்பதால் நீங்கள் தாராளமாக எடுக்கலாம். சுத்தியலைப் பிடிக்க இரும்புக் கையுறைகளும் பலத்தை இரட்டிப்பாக்கும் இடைக்கச்சும் தோருக்கு உண்டு. தகுதிச் சோதனை மட்டும் கிடையவே கிடையாது. திரும் என்ற அரக்கன் அதைத் திருடி மண்ணுக்கடியில் எட்டுக் காதம் ஆழத்தில் புதைத்தே வைக்கிறான். தோர் மணப்பெண் வேடம் போட்டுக்கொண்டு போய்த்தான் மீட்கிறான். யூரு உலோகம், வாரைப் பிடித்துக்கொண்டு பறப்பது எல்லாம் காமிக்ஸ் சேர்த்தவை. எட்டாவின் தோர் பறப்பதில்லை. தாங்க்ரிஸ்னிர், தாங்க்ன்யோஸ்டர் என்ற இரண்டு கடாக்கள் இழுக்கும் தேரில் போவான், இல்லையென்றால் ஆற்றில் இறங்கி நடப்பான். இரவில் அந்தக் கடாக்களையே அடித்துச் சமைத்துத் தின்றுவிட்டு, எலும்பு உடையாமல் தோலில் போட்டு வைத்தால் காலையில் சுத்தியலால் உயிர்ப்பிப்பான். இப்படி ஒரு காட்சியை விட்டுவிட்டு ஏன் மணலில் புதைந்த சுத்தியலுக்குப் போகிறீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

லோகி: ஃபார்பௌட்டி என்ற அரக்கனின் மகன், தாய் லாஃபே. ஓடினோடு இரத்தம் கலந்து உடன்பிறப்பானவன். நம் உறவுமுறையில் பார்த்தால் தோருக்குச் சித்தப்பா ஆகவேண்டும், தம்பி அல்ல. மார்வெலில் லாஃபே ஆண், அரக்கர் அரசன். இது நல்ல சோதனை: உங்கள் கதையில் லாஃபே ஆணாக வந்தால் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதற்கு வேறு சாட்சியே தேவையில்லை. பாதாள உலகை ஆளும் ஹெல் விஷயமும் இப்படித்தான். எட்டாவில் அவள் லோகியின் மகள். 2017இல் வந்த மார்வெல் படம் அவளை ஓடினின் மகளாக்கியது.

உருவம்: ஐஸ்லாந்தின் பழங்கதைகளான சாகாக்களில் தோர் செந்தாடிக்காரன். 1962இல் மார்வெலுக்காக ஜாக் கிர்பி வரைந்தவன் மழித்த முகம், பொன்னிற முடி, இறகு வைத்த தலைக்கவசம், மார்பில் வட்டத் தகடுகள், சிவப்பு மேலங்கி. பொன்னிற முடி மட்டும் இருந்தால் குற்றமில்லை. வின்யே என்ற ஸ்வீடன் ஓவியர் 1872இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்திலும் பொன்னிற முடிதான். ஐந்தும் ஒரே உருவத்தில் சேர்ந்தால்தான் வம்பு. மனைவி சிஃப்புக்குப் பொன் கூந்தல். கறுப்புக் கூந்தலோடு வரைந்தால் அது மார்வெல் சிஃப்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு மூல அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் உங்கள் கதையில் வரும் ஒவ்வொரு பண்பும். நடுவில் அது வரும் நூல், பகுதி. வலப்பக்கம் மார்வெலில் அது இருக்கிறதா. நடுவில் காலியாகவும் வலப்பக்கம் "ஆம்" என்றும் வரும் வரிகளை வெட்டுங்கள். இரண்டும் காலி என்றால் அது உங்கள் சொந்தக் கற்பனை. அந்த வரிகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள், கதையின் உயிர் அங்கேதான்.

---

கறுப்புக்கோட்டு பதில்:

முதல் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். "அவர்களும் எடுத்தார்கள்" என்பது உண்மை. ஆனால் வழக்கில் அது செல்லாது. பொதுக்குளத்தில் தண்ணீர் மொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு. மொண்டு வைத்த குடம் மொண்டவருடையது.

இதைத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு 1940இல் வந்தது. சூப்பர்மேன் முதலில் வந்த இதழ் 1938 ஜூன் தேதியிட்டு வெளியானது. அடுத்த மே மாதமே ஒன்டர் மேன் என்று ஒருவரை வேறொரு நிறுவனம் இறக்கியது, வரைந்தவர் வில் ஐஸ்னர். சூப்பர்மேனை வெளியிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் (இன்றைய டிசி) வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு வாதம் உங்கள் வாதமேதான்: பலசாலி நாயகன் ஹெர்குலிஸ் காலத்திலிருந்தே இருக்கிறான், இதில் யாருக்கு என்ன உரிமை? நீதிபதி அகஸ்டஸ் ஹேண்ட் அதில் பாதியை ஒப்புக்கொண்டார். வெறுமனே நல்ல மனம் கொண்ட ஒரு ஹெர்குலிஸ் என்ற அளவில் நின்றிருந்தால் பாதுகாப்பு இல்லை என்றார். ஆனால் சாதாரண உடைக்குள் சண்டை உடை, குண்டு பட்டுத் தெறிப்பது, கையால் துப்பாக்கியை நசுக்குவது, கட்டடம் விட்டுக் கட்டடம் தாவுவது என்று ஒவ்வொரு சம்பவமாக எடுத்துக்காட்டி, இந்தக் கோவை சூப்பர்மேனுடையது, ஒன்டர் மேன் அதை நகலெடுத்தான் என்று முடித்தார். உடை நீலத்துக்குப் பதில் சிவப்பு என்பது உதவவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது கோவை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் புதிதல்ல, வரிசையில் கோத்ததுதான் உரிமைக்கு உரியது. உங்கள் சுருக்கத்தில் தண்டனை, புதைந்த சுத்தியல், பின்தொடரும் தம்பி என்று மார்வெலின் மூன்று மணிகள் அதே வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன.

"தகுதியானவன் மட்டுமே தூக்க முடியும்" என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமல்ல. ஆர்தர் அரசன் கதையில் கல்லில் செருகிய வாள் இருக்கிறது, நம் பக்கம் சிவதனுசு இருக்கிறது. ஆனால் தோர், சுத்தியல், அதன்மேல் மந்திரம் என்ற மூன்றையும் சேர்த்தவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான். அதே எண்ணத்தை ஒரு நங்கூரத்தில் வைத்துப் பாருங்கள், எங்கிருந்து வந்தது என்றே யாருக்கும் தோன்றாது.

இன்னொரு வழக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1940இல் ஃபாஸெட் நிறுவனம் வெளியிட்ட கேப்டன் மார்வெலின் மந்திரச் சொல்லான ஷஸாம், சாலமன், ஹெர்குலிஸ், அட்லஸ், ஜீயஸ், அக்கிலிஸ், மெர்குரி ஆகிய ஆறு பெயர்களின் முதலெழுத்து. ஆறுமே பொதுச்சொத்து. ஆனாலும் சூப்பர்மேனை நகலெடுத்ததாக 1941இல் வழக்கு. கீழ்க்கோர்ட்டு, நகல் உண்டு, ஆனால் சூப்பர்மேன் நாளிதழ்த் தொடரில் காப்பிரைட் குறிப்பைச் சரியாகப் போடாததால் உரிமை போய்விட்டது என்றது. 1951இல் மேல்முறையீட்டில் நீதிபதி லேர்னட் ஹேண்ட், உரிமை போகவில்லை, எந்தெந்தத் தொடர் நகல் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள் என்று திருப்பி அனுப்பினார். 1953இல் ஃபாஸெட் 4,00,000 டாலர் கொடுத்து, சூப்பர்ஹீரோ இதழ்களையே நிறுத்தியது. பிறகு எதிரியான டிசியே அந்தப் பாத்திரத்தை உரிமம் வாங்கி 1973இல் வெளியிட்டது. அதற்குள் மார்வெல் 1967இல் கேப்டன் மார்வெல் என்ற பெயரில் வேறொருவரை இறக்கிவிட்டதால், சொந்தப் பாத்திரத்தின் பெயரை அட்டையில் போட முடியாமல் ஷஸாம் என்று போட்டார்கள். உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை இதற்குள் இருக்கிறது: பாத்திரம் வேறு உரிமை, அட்டைத் தலைப்பு வேறு உரிமை.

தோர் முதலில் வந்த ஜர்னி இன்டு மிஸ்டரி 83ஆம் இதழுக்கு அமெரிக்காவில் 95 ஆண்டுப் பாதுகாப்பு, 2057 இறுதி வரை. காத்திருக்க முடிந்தால் 2058 ஜனவரி 1 முதல் அந்த இதழில் உள்ளதை மட்டும் எடுக்கலாம்.

---

சும்மா_ஒரு_வாசகன் பதில்:

இதெல்லாம் அமெரிக்கா. இங்கே யார் கேட்கப் போகிறார்கள்? 500 பிரதி அச்சடித்துப் புத்தகக் காட்சியில் விற்பதற்கு இவ்வளவு பயமா?

---

பதிவேடு பதில்:

மேலே கேட்டவருக்கு: இங்கேயும் கேட்டிருக்கிறார்கள். ராஜா பாக்கெட் புக்ஸ் எதிர் ராதா பாக்கெட் புக்ஸ், டெல்லி உயர்நீதிமன்றம், 1990களின் வழக்கு. ராஜா வெளியிட்ட ராஜ் காமிக்ஸின் நாயகன் நாக்ராஜுக்குப் பச்சை நிறப் பாம்புத்தோல் உடை, பாம்பு போன்ற இடைப்பட்டை, உடம்பிலிருந்து பாம்புகள். எதிர்த்தரப்பு இறக்கிய நாகேஷுக்கும் ஏறக்குறைய அதே. நாகங்களும் நாகசக்தியும் நம் நாட்டுக்கதைகளில் எந்தக் காலத்திலிருந்தோ உண்டு. ஆனாலும் பெயர், உடை, சக்தி மூன்றின் ஒற்றுமையைப் பார்த்துத் தடை வந்தது.

மறுபக்கம், உங்களைக் காக்கும் தீர்ப்பும் இருக்கிறது. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், எண்ணம், கருப்பொருள், கதைக்கரு, வரலாற்று அல்லது புராணச் செய்தி எதற்கும் காப்பிரைட் கிடையாது என்றது. இரண்டையும் பார்த்த ஒரு வாசகருக்கு இது அதன் நகல்தான் என்று ஐயமில்லாமல் தோன்றுகிறதா என்பதே அளவுகோல். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். பெயர் போடாத முழு உருவப் படத்தைப் பத்துப் பேரிடம் காட்டி யார் இது என்று கேளுங்கள். பெரும்பாலோர் ஒரு நடிகரின் பெயரைச் சொன்னால் உடையை மாற்றுங்கள். அதைவிட முக்கியம், சினிமாவில் அந்த வேடம் போட்டவரின் முகச்சாயல் வரவே கூடாது. அது காப்பிரைட்டுக்கு அப்பால் தனி வம்பு.

500 பிரதி அச்சுக்கு யாரும் வராமல் போகலாம். இணையப் பதிப்புக்கு வருவார்கள். இந்திய விதிப்படி புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் பக்கத்தை முடக்க வேண்டும். புகார்தாரர் 21 நாளில் கோர்ட்டு உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் திரும்பத் திறக்கலாம். வெளியீட்டு வாரத்தில் 21 நாள் முடங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தலைப்பு: "தோர்" மட்டும் பெரிய எழுத்தில் வேண்டாம். காமிக்ஸ், பொம்மை, படம் என்று அந்தச் சொல் மார்வெலின் வணிக அடையாளமாகப் புழங்குகிறது. உள்ளே கதாபாத்திரத்தின் பெயராக வரட்டும். அட்டைக்கு உங்களுடைய தனித் தலைப்பு வையுங்கள், அதுதான் நாளைக்கு உங்கள் பெயரில் பதிவாகும். வணிக அடையாளப் பதிவில் அச்சிட்ட காமிக்ஸ் 16ஆம் வகுப்பு, இறக்கிப் படிக்கும் மின்னூல் 9, பொம்மை 28. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய். தொடக்கத்தில் 16 மட்டும் போதும். புராணப் பெயரைத் தனியாகப் பதிய முயன்று பணத்தை விடாதீர்கள். ஊதுபத்திக்கு "ராமாயண்" என்று பதியக் கேட்டவருக்கு 2015இல் உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. புனித நூலின் பெயரை ஒருவர் தனதாக்க முடியாது என்றது தீர்ப்பு. "சூப்பர் ஹீரோ" என்ற சொல்லையே மார்வெலும் டிசியும் அமெரிக்காவில் கூட்டாகப் பதிந்து வைத்திருந்தன. ஒரு சிறு நிறுவனம் அதை ரத்து செய்யக் கேட்டபோது இருவரும் பதிலே தராததால் 2024 செப்டம்பரில் பதிவு ரத்தானது.

இப்போது மூன்றாம் கேள்வி. உண்மையான ஆபத்து இதில்தான், மார்வெலில் அல்ல.

ஓவியர் உங்கள் சம்பள ஊழியர் இல்லை. காப்பிரைட் சட்டம் 17ஆம் பிரிவில், வேலை ஒப்பந்தத்தின் கீழ் செய்ததற்குத்தான் முதலாளி முதல் உரிமையாளர் ஆகிறார். பக்கக் கூலி அந்தக் கணக்கில் வராது. காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு வேறு உட்பிரிவு இருக்கிறதே என்று நீங்கள் வாதாடலாம். காமிக்ஸ் பக்கம் அதில் அடங்குமா என்று கோர்ட்டில் கண்டுபிடிப்பதைவிட ஒரு தாளில் எழுதிக்கொள்வது மலிவு. இன்றைய நிலையில் வசனம் உங்களுடையது, உருவம் அவருடையது. அவரை விட்டு அடுத்த பாகத்தை வேறொருவர் வரைய முடியாது.

எழுதும்போது வழக்கமாகக் கோட்டைவிடும் இடங்கள் உண்டு. 19ஆம் பிரிவுப்படி காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்தே ஆண்டுதான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை வாசகருக்கு விற்க அது போதாது. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, அது திரும்பிப் போய்விடும். ஆகவே: எந்த உரிமைகள் (அச்சு, மின்னூல், மொழிபெயர்ப்பு, அசைபடம், பொம்மை என்று ஒவ்வொன்றாக), எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எவ்வளவு தொகை, எப்போது, ஓராண்டு விதி பொருந்துமா பொருந்தாதா, அட்டையில் யார் பெயர் எந்த வரிசையில். முதல் உருவ வரைவு எப்போது வந்தது, அதில் யார் என்ன மாற்றச் சொன்னது என்ற மின்னஞ்சல்களையும் வைத்திருங்கள். எல்லாம் எழுதி வாங்கினாலும் 57ஆம் பிரிவு ஓவியரிடமே இருக்கும். படைத்தவர் தான்தான் என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

வாய்ப்பேச்சில் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தோரே எடுத்துக்காட்டு. கிர்பியின் வாரிசுகள் 2009இல் 45 அறிவிப்புகள் அனுப்பி உரிமையைத் திரும்பக் கேட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி நிறுவனத்தின் தூண்டுதலிலும் செலவிலும் செய்த வேலை என்று சொல்லி 2011இலும் மேல்முறையீட்டில் 2013இலும் நீதிமன்றங்கள் மார்வெல் பக்கம் நின்றன. அமெரிக்க உச்சநீதிமன்றம் வழக்கை எடுப்பதா என்று பார்க்கவிருந்த நேரத்தில், 2014 செப்டம்பரில் சமரசம். சூப்பர்மேனில் நேர் எதிர். எல்லாம் எழுத்திலேயே இருந்தது. 1938இல் அதைப் படைத்த சீகலும் ஷூஸ்டரும் 130 டாலருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். முதலில் அவர்களும் பிறகு குடும்பங்களும் பல பத்தாண்டுகள் வழக்காடினார்கள். உங்கள் நண்பரிடம் அடிமட்ட விலைக்கு எழுதி வாங்காதீர்கள். முன்பணம் குறைவு என்றால் அச்சில் இத்தனை விழுக்காடு, பொம்மையில் இத்தனை என்று பங்கு போடுங்கள்.

காப்பிரைட் பதிவு கட்டாயமில்லை, ஆனால் தகராறில் முதல்நிலைச் சான்று. இலக்கியப் படைப்புக்கும் கலைப் படைப்புக்கும் தலா 500 ரூபாய், படிவம் 14. ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருப்பு. ஓவியத்தை உங்கள் பெயரில் பதிய ஓவியரின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். சண்டை வந்த பிறகு அது கிடைக்காது.

இன்னொன்று: கடவுள் உருவங்களுக்குப் பழைய காலண்டரைப் பார்த்து வரைபவர்கள் அதிகம். ரவிவர்மா 1906இல் இறந்தவர், பிரச்சினை இல்லை. கோவில்பட்டி கொண்டையராஜு 1976இல் இறந்தவர். இறப்புக்குப் பின் 60 ஆண்டு என்று எண்ணினால் 2036 இறுதி வரை இருக்கிறது. காலண்டரில் தொங்குவதெல்லாம் பொதுச்சொத்து இல்லை.

---

கட்டமும்_கோடும் மறுமொழி:

அட்டவணை போட்டேன். 23 வரிகளில் 11 வெட்டு. ஓடினின் தண்டனை போனது, சுத்தியல் காட்சி போனது, லோகி சித்தப்பா ஆகிவிட்டான். தாடி செம்பட்டை, குட்டைக் கைப்பிடி, இரும்புக் கையுறை. ஒப்பந்தத்துக்கு நண்பர் சம்மதித்துவிட்டார். இப்போது சிக்கல் ஒன்றே ஒன்று: தோர் ஏன் அந்த மீனவக் கிராமத்துக்கு வருகிறான்? காரணமே இல்லாமல் நிற்கிறான்.

---

பழங்கதைப்பித்தன் பதில்:

காரணம் எட்டாவிலேயே இருக்கிறது. தோர் மீன்பிடிக்கப் போன கதை தெரியாதா? ஹைமிர் என்ற அரக்கனோடு படகேறுகிறான். இரை வேண்டும் என்று ஹைமிரின் மந்தையிலேயே பெரிய காளையின் தலையைத் திருகி எடுத்துக்கொள்கிறான். வழக்கமாகப் பிடிக்கும் இடம் வந்ததும் போதும் என்கிறான் ஹைமிர், தோர் இன்னும் துடுப்புப் போடுகிறான். உலகைச் சுற்றிக் கிடக்கும் கடற்பாம்பு யோர்முன்கந்தர் தூண்டிலைக் கவ்வுகிறது. இழுத்த இழுப்பில் தோரின் இரண்டு காலும் படகின் அடிப்பலகையைப் பிளந்துகொண்டு கடல்தரையில் ஊன்றுகின்றன. இருவரும் கண்ணோடு கண் பார்க்கிறார்கள். பயந்துபோன ஹைமிர் கத்தியை எடுத்துத் தூண்டில் கயிற்றை அறுத்துவிடுகிறான். பாம்பு மூழ்குகிறது, தோர் சுத்தியலை அதன்மேல் எறிகிறான். தோர் அடித்தானா இல்லையா என்பதில் ஸ்னோரியே இரண்டு பேச்சு இருப்பதாகச் சொல்கிறார். அந்த அறுந்த கயிற்றிலிருந்து உங்கள் கதை தொடங்கட்டும். பாம்பைத் தேடிக் கடல் கடலாக அலைபவன் கடலோர ஊருக்கு வருவதற்குக் கேள்வியே வராது. உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தூண்டிலும் கயிறும் அவனைவிட நன்றாகத் தெரியும், அதையும் பயன்படுத்துங்கள்.

படத்துக்கு மாதிரி வேண்டுமானால் ஸ்வீடனின் உப்லாந்து பகுதியில் ஆல்டுனா என்ற ஊரில் 11ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று இருக்கிறது. தோர் படகில் நிற்கிறான், ஒரு கையில் சுத்தியல், தூண்டிலில் காளைத்தலை, ஒரு பாதம் படகைத் துளைத்துக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது. கல் குறுகல் என்பதாலோ என்னவோ ஹைமிர் அதில் இல்லை. அவனை எப்படி வரைந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.